பாயின்ட் ஷூ போட கால் எப்போது தயார்? அன்னா பாவ்லோவாவின் பாதங்கள் சொல்லும் பாடம்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், 1890. மரின்ஸ்கி தியேட்டரில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலே புதிதாக மேடையேறியிருந்த நேரம். துணி துவைத்துப் பிழைக்கும் ஓர் அம்மா, தன் ஒல்லியான மகளை அதைப் பார்க்க அழைத்துப் போகிறார். வெளியே வரும்போது அந்தச் சிறுமி முடிவு செய்துவிட்டாள்: பாலே டான்ஸர் ஆக வேண்டும்!

அம்மா சிறுமியைக் கூட்டிக்கொண்டு அரசு பாலே பள்ளிக்குப் போனார். சேர்க்கவில்லை. வயது போதாது, உடம்பும் நோஞ்சான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சிறுமிதான் அன்னா பாவ்லோவா. பின்னாளில் ரஷ்யா, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், இந்தியா என்று உலகம் முழுக்க பாலேவை எடுத்துப்போனவர். விரல் நுனியில் நின்று ஆடும் ‘பாயின்ட்’ என்றாலே இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர்.

பாலே கற்கும் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். அந்த ரோஸ் கலர் சாட்டின் ஷூவை எப்போ போடுவேன்? நம்ம ஊர் பரதநாட்டிய வகுப்புகளில் எப்போ சலங்கை பூஜை, எப்போ அரங்கேற்றம் என்று கேட்பதைப் போலத்தான். அவசரப்பட்டால் என்ன ஆகும், காத்திருந்தால் என்ன கிடைக்கும்? பாவ்லோவாவின் வாழ்க்கையை அவருடைய பாதங்கள் வழியாகப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில், பாயின்ட் என்றால் என்ன?

உடம்பின் மொத்த எடையையும் கால்விரல் நுனிகளில் தாங்கி நிற்பதுதான் பாயின்ட். குதிகால் மட்டுமல்ல, பாதத்தின் முன்பகுதிகூடத் தரையில் படாது.

1832-ல் பாரிஸில் ‘லா சில்ஃபிட்’ என்ற பாலேயில் மரீ தாலியோனி இப்படி ஆடியபோதுதான் இது ஒரு கலையாகப் பார்க்கப்பட்டது. அதற்கு முன்பும் சிலர் செய்திருக்கிறார்கள். ஆனா அது பெரும்பாலும் வித்தை காட்டுவது போலத்தான் இருந்தது. தாலியோனி அணிந்தது மெல்லிய சாட்டின் செருப்பு. கிழியாமலும் வழுக்காமலும் இருக்க, நுனியில் நூலால் தையல் போட்டிருப்பார்கள். மற்றபடி தாங்கியதெல்லாம் அவருடைய கால்தான்.

இன்றைய பாயின்ட் ஷூவுக்குள் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. துணி, காகிதம் போன்றவற்றை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, விரல்களைச் சுற்றி ஒரு கெட்டியான பெட்டி மாதிரி செய்கிறார்கள். பாதத்துக்கு அடியில் வளையக்கூடிய விறைப்பான பட்டை ஒன்று இருக்கும். அவ்வளவுதான். ஷூ கொஞ்சம் தாங்கும். ஆனா மேலே தூக்குவது பாதம், கணுக்கால், முழங்கால், இடுப்பு, வயிறு, முதுகு என்று மொத்த உடம்பும்தான்.

காத்திருந்த சிறுமி

பாவ்லோவா 1881 பிப்ரவரியில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். சின்ன வயதில் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அதனால் நகரத்துக்கு வெளியே லிகோவோ என்ற கிராமத்தில் பாட்டியோடு சில காலம் இருந்தார். அப்பா யார் என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. வீட்டில் வசதி கிடையாது.

திருப்பி அனுப்பப்பட்டவர் விடவில்லை. 1891-ல், பத்து வயதில், மறுபடியும் போனார். இந்த முறை இடம் கிடைத்தது. ஜார் அரசின் செலவில் நடந்த இம்பீரியல் பாலே பள்ளி அது. தங்கிப் படிக்க வேண்டும். உடம்பை டாக்டர்கள் சோதித்த பிறகுதான் சேர்ப்பார்கள். உள்ளே போய்விட்டால் தினசரி வகுப்பு. அங்கே அவர் எட்டு வருடம் படித்தார்.

சக மாணவிகள் அவரைத் துடைப்பம் என்று கிண்டல் செய்தார்களாம். அன்றைய ஃபேஷன்படி பாலே டான்ஸர் என்றால் குட்டையாக, உருண்டு திரண்டு, வலுவான தொடையோடு இருக்க வேண்டும். இவருக்கோ நீளமான கை கால்கள், மெல்லிய கணுக்கால், மிக உயரமாக வளைந்த பாதம்.

அழகான வளைவு, பலவீனமான பாதம்

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. உயரமாக வளைந்த பாதம் பாயின்டில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இன்று பாலே மாணவிகள் ஏங்குவதே அந்த வளைவுக்காகத்தான். ஆனா அழகாக வளைவதும் வலுவாக இருப்பதும் ஒன்றல்ல.

அதிகமாக வளையும் பாதத்தின் மூட்டுகள் பொதுவாகத் தளர்வாக இருக்கும். விரல் நுனியில் ஏறியதும் பாதம் வேண்டிய அளவைத் தாண்டி முன்னால் சாய்ந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தசைகள்தான் செய்ய வேண்டும். தசை தயாராக இல்லையென்றால் பாரம் முழுவதும் மூட்டிலும் தசைநாரிலும் இறங்கும். அதனால்தான் மூட்டுத் தளர்வு அதிகமுள்ள குழந்தைகள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வலுப்படுத்தும் பயிற்சி செய்துவிட்டுத்தான் பாயின்டுக்குப் போக வேண்டும் என்று நடன மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். பார்க்க ரெடியாகத் தெரியும் பாதம்தான் சில நேரம் கடைசியாக ரெடியாகும்.

பாவ்லோவாவின் பள்ளி நாட்களில் ஊரே ஒரு இத்தாலியப் பெண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பியரினா லென்யானி. 1893-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மேடையில் ஒற்றைக் காலில் பாயின்டில் 32 முறை தொடர்ந்து சுழன்று காட்டியவர். எல்லா மாணவிகளையும் போல பாவ்லோவாவும் அதைச் செய்து பார்க்க முயன்றார். அவருடைய ஆசிரியர் பாவெல் கெர்த் அதைப் பார்த்துவிட்டுத் தடுத்தார். மற்றவர்கள் செய்யும் சாகசம் உனக்கு வேண்டாம், உன் மெல்லிய பாதம் அதைத் தாங்காது, உன்னிடம் இருக்கும் மென்மைதான் உன் பலம் என்பதுதான் அவருடைய அறிவுரையின் சாரம்.

ஒரு நல்ல ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை இதுதான். எல்லாக் காலுக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், எதிரே நிற்கும் குழந்தையின் காலைப் பார்ப்பது.

ஸ்டார் ஆன பிறகும் மாணவி

1899-ல் படிப்பு முடிந்து மரின்ஸ்கி மேடைக்கு வந்தார். ஆரம்பமே அதிரடி என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஆர்வக் கோளாறில் கூடுதலாக ஒரு சுற்று சுற்றப் போய், நிலை தடுமாறி மேடை விளிம்பில் இருந்த பிராம்ப்டர் பெட்டியில் போய் விழுந்தார். பலவீனமான கணுக்கால்களும் அவ்வப்போது சோதித்தன.

ஆனா பார்வையாளர்கள் வேறு எதையோ பார்த்தார்கள். மற்றவர்கள் அடி எண்ணி ஆடும் இடத்தில் இவர் காற்றில் மிதப்பது போலிருந்தது. நடன அமைப்பாளர் மரியுஸ் பெட்டிபா அவருக்கு முக்கிய வேடங்களைக் கொடுத்தார். 1903-ல் ‘ஜிசெல்’. 1906-ல் பிரைமா பாலெரினா என்ற உச்ச அந்தஸ்து.

இந்த நேரத்தில் ஒருவர் என்ன செய்வார்? வந்தாச்சு, இனி ஆட வேண்டியதுதான் என்று இருந்துவிடுவார். பாவ்லோவா வகுப்புக்குப் போனார். இத்தாலிக்குப் போய் மிலனில் கேத்தரீனா பெரெட்டா என்ற ஆசிரியையிடம் பயின்றார். பிறகு என்ரிகோ செக்கெட்டி என்ற இத்தாலிய மாஸ்டரிடம் தனியாகப் பாடம். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பயிற்சி வரிசையை வகுத்து வைத்திருந்தவர் செக்கெட்டி. இன்றைக்கு இந்தத் தசை, நாளைக்கு அந்த அசைவு என்று எதுவும் விட்டுப்போகாத மாதிரி ஒரு திட்டம். உச்ச அந்தஸ்தில் இருந்த ஒரு நட்சத்திரம் அவர் முன்னால் நின்று அடிப்படையைத் திரும்பச் செய்தார்.

பாயின்டுக்குத் தயாராவது ஒரு வயதில் முடிந்துவிடும் வேலை இல்லை. இதை அவர் புரிந்து வைத்திருந்தார்.

ஷூவில் ஏமாற்றினாரா?

பாவ்லோவாவைப் பற்றி அப்போது ஒரு புகார் இருந்தது. ஷூவில் ஏதோ செய்கிறார் என்று. உண்மைதான், செய்தார்.

அவருடைய பாதம் மெலிந்து, வளைந்து இருந்ததால் எடை பெரும்பாலும் கட்டைவிரலிலேயே விழுந்தது. எனவே ஷூவின் அடியில் கெட்டியான தோலைச் சேர்த்து, நுனியைக் கொஞ்சம் தட்டையாக்கி, உறுதியான பெட்டி போல ஆக்கிக்கொண்டார். அவருக்கு ஷூ செய்தவர் மிலனைச் சேர்ந்த ரோமியோ நிக்கோலினி. தாங்க வேண்டியது கால்தான், ஷூ இல்லை என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் பலர் இதை மோசடியாகவே பார்த்தார்கள். அவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கும் போல. போட்டோக்களில் ஷூ நுனி மெல்லியதாகத் தெரியும்படி திருத்தச் செய்தார். அந்தக் கால ‘எடிட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆனா காலம் அவர் பக்கம்தான் நின்றது. இன்று நாம் பார்க்கும் தட்டையான நுனி, விறைப்பான அடிப்பகுதி கொண்ட பாயின்ட் ஷூவுக்கு அவர் செய்த மாற்றங்கள் ஒரு முன்னோடி. 1910-ல் நியூயார்க் போனபோது அங்கே கபேசியோ கடையில் தன் குழுவினர் எல்லோருக்கும் ஷூ வாங்கினார். அது அந்தக் கடையின் பெயரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. எட்டு வருடப் படிப்பு, அதற்கு மேலும் பல வருடப் பயிற்சி எல்லாம் முடித்த கால் அது. அந்தக் காலுக்குத்தான் ஷூ துணையாக இருந்தது. பயிற்சி இல்லாத காலை எந்த ஷூவும் காப்பாற்றாது.

அன்னம் ஆடியது அடிப்படை அடியைத்தான்

பாவ்லோவாவுக்கு உலகப் புகழ் கொடுத்தது ‘இறக்கும் அன்னம்’. மிகைல் ஃபோகின் அமைத்தது. சேன்-சான்ஸின் செல்லோ இசைக்குச் சில நிமிடங்கள் மட்டுமே நீளும் தனி நடனம். வாழ்நாளில் சுமார் 4,000 முறை ஆடியிருப்பார் என்று சொல்வார்கள்.

அதில் 32 சுற்று கிடையாது. பெரிய தாவல் கிடையாது. பாயின்டில் ஏறி நின்று, இரண்டு கால்களையும் நெருக்கமாக வைத்து, சின்னச் சின்ன அடிகளாக நகர்வதுதான் பெரும்பகுதி. பாயின்ட் மாணவிகள் ஆரம்பக் கட்டத்திலேயே கற்கும் அடி அது. உலகின் மிகப் பிரபலமான பாலே நடனங்களில் ஒன்று, பாலபாடத்தை வைத்தே எழுந்தது!

சரி, ஒரு குழந்தையின் கால் தயாரா என்று எப்படித் தெரியும்?

வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பொதுவாக 12 வயதுக்கு முன் வேண்டாம் என்பது பல நிபுணர்களின் கருத்து. பாத எலும்புகள் அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனா 12-வது பிறந்தநாள் ஒன்றும் பச்சைக்கொடி இல்லை. அவர்கள் பார்ப்பது இவற்றை:

• பயிற்சிக் காலம்: வாரத்துக்குக் குறைந்தது இரண்டு வகுப்பு வீதம், நாலாவது வருடத்தை எட்டியிருக்க வேண்டும்.

• கணுக்கால் நீட்சி: பாதத்தை முழுவதும் நீட்டினால் முழங்காலிலிருந்து பாதத்தின் மேற்பகுதி வரை ஏறக்குறைய ஒரே கோடாக வர வேண்டும். வரவில்லையென்றால் பாயின்டில் எடை பின்னால் விழும். முழங்காலை மடக்கித்தான் சமாளிக்க முடியும்.

• வலு: முழங்கால் மடங்காமல், ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். சுமார் 20 முறையாவது, கடைசி முறையும் முதல் முறை போலவே உயரமாக.

• சமநிலை: ஒற்றைக் காலில் ஒரு சுற்று சுற்றி, ஆட்டம் காணாமல் நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் குதிக்கும்போது இடுப்பும் முழங்காலும் நேராக இருக்கின்றனவா?

• நடு உடம்பு: வயிறும் முதுகும் தளர்ந்தால் அந்தப் பாரமும் விரலுக்குத்தான் போகும். பாயின்ட் என்பது கால் சமாச்சாரம் மட்டும் இல்லை.

இதையெல்லாம் வீட்டில் யூடியூப் பார்த்துச் சோதிப்பதைவிட, ஆசிரியரோ நடனம் தெரிந்த பிசியோதெரபிஸ்டோ பார்ப்பது நல்லது. பத்தாவது முறைக்கே கணுக்கால் வெளிப்பக்கம் சாய்கிறதா என்பது அனுபவப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும்.

ரஷ்யப் பள்ளிகளில் 12 வயதுக்கு முன்பே பாயின்ட் தொடங்குகிறார்களே என்று கேட்கலாம். சரிதான். ஆனா அங்கே உடல்வாகு பார்த்துத் தேர்ந்தெடுத்த குழந்தைகள், தினமும் பயிற்சி, தினமும் ஆசிரியரின் கண்காணிப்பு. சனிக்கிழமை மட்டும் வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஷூ போட்ட பிறகு?

முதல் ஷூவை ஆன்லைனில் சைஸ் பார்த்து ஆர்டர் செய்யும் வேலை வேண்டாம். ஒவ்வொரு பாதத்தின் அகலம், விரல் நீளம், வளைவு எல்லாம் வேற வேற. காலில் போட்டுப் பார்த்து, தெரிந்தவர் முன்னால் ஏறி நின்றுதான் வாங்க வேண்டும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்குவது ஆபத்து. பாதம் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் விரல்கள் நசுங்கும்.

முதல் சில மாதங்கள் வகுப்பின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும். அதுவும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலிலும் ஏறி, மெதுவாகப் பாதத்தை உருட்டி இறங்குவது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பிறகுதான் கம்பியை விடுவது, ஒற்றைக் கால் எல்லாம். கொஞ்சம் தோல் உரிவதும் கொப்புளமும் சகஜம். எலும்பிலோ கணுக்காலின் பின்பக்கத்திலோ தொடர்ந்து வலி இருந்தால் அது சகஜம் இல்லை. நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடையாறு வரை வந்த அடி

1912-ல் லண்டனில் ஐவி ஹவுஸ் என்ற வீட்டை வாங்கினார் பாவ்லோவா. அங்கே சில ஆங்கிலச் சிறுமிகளுக்குப் பாடமும் எடுத்தார். 1914-க்குப் பிறகு ரஷ்யாவில் ஆடவே இல்லை. சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் பயணம்தான்.

1922-ல் இந்தியா வந்தவர், 1928-ல் மறுபடியும் வந்தார். அப்போது பம்பாயில் அவர் ஆடியதைப் பார்த்தவர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்ய, நட்பு வளர்ந்தது. பாலே கற்க ஆசைப்பட்ட ருக்மிணி தேவிக்கு, பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டி பாடம் எடுத்தார். ஆனா பாவ்லோவாவின் முக்கியமான அறிவுரை வேறு: உங்கள் நாட்டின் நடனத்தைத் தேடிப் போங்கள் என்பது.

அதன்பின் ருக்மிணி தேவி சதிர் கற்றார். 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்ராவுக்கு விதை போட்டார். உனக்கு எது பொருந்தும் என்று பார் என்று ஒருகாலத்தில் கெர்த் தன்னிடம் சொன்ன அதே விஷயத்தை, வேறொரு விதத்தில் பாவ்லோவா இன்னொரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறார்.

கடைசி வரை

1931 ஜனவரி. மறுபடியும் ஒரு சுற்றுப்பயணத்தின் தொடக்கம். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் நுரையீரல் உறையில் அழற்சி ஏற்பட்டுப் படுத்தார். ஜனவரி 23-ல் இறந்தார். 50-வது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குப் பிந்தைய நிகழ்ச்சியில் அன்னத்தின் இசை ஒலிக்க, ஆள் இல்லாத மேடையில் ஒளிவட்டம் மட்டும் நகர்ந்ததாகச் சொல்வார்கள்.

நோஞ்சான் என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை, பலவீனமான பாதம் என்று எச்சரிக்கப்பட்ட மாணவி, 49 வயதிலும் விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்தார். அதிர்ஷ்டம் மட்டும் காரணம் இல்லை. பத்து வயதுவரை காத்திருக்கச் சொன்ன பள்ளி, சாகசம் வேண்டாமென்று தடுத்த ஆசிரியர், புகழின் உச்சியிலும் அடிப்படையை விடாத அவருடைய பிடிவாதம் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கால்களைக் காப்பாற்றின.

உங்கள் வீட்டுக் குழந்தையோ அண்ணன் மகளோ அக்கா மகளோ பாலே கற்கிறார் என்றால், ஆசிரியரிடம் எப்போ பாயின்ட் ஷூ வாங்கலாம் என்று கேட்காதீர்கள். இவள் கால் இப்போ எந்த நிலையில் இருக்கு, இன்னும் எது வலுவாகணும் என்று கேளுங்கள். இன்னும் ஒரு வருடம் ஆகட்டும் என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். பாவ்லோவாவுக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான் வந்தது.